நகரங்களுக்காகக் கூலிக்கு வில்லெடுக்கும் வேட்டைக்குடிகள்: இந்தக் கற்பனை உலகம் நிற்குமா?

மதகடி:

ஒரு மிகைபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கே ஓட்டை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஒரு பெரிய ஆறு கடலில் சேரும் இடத்தில் மூன்று நகரங்கள்: வெண்கோட்டை, மும்மதகு, உப்பங்கரை. ஒவ்வொன்றிலும் 20,000 பேர். மதில் உண்டு, வாய்க்கால் பாசனம் உண்டு, ஒரே ஆற்றுத் தண்ணீருக்கு ஓயாத சண்டையும் உண்டு. மேற்கே 12 நாள் நடை தூரத்துக்கு முள்காடும் புல்வெளியும். அங்கே முளியர் என்றொரு குடி. உழுவதில்லை, மாடு வளர்ப்பதில்லை, குதிரையும் கிடையாது. மான், கிழங்கு, தேன், அவ்வளவுதான் பிழைப்பு. ஓரிடத்தில் ஒரு மாதம் தங்கினால் அதிகம். வில்லில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அறுவடை முடிந்ததும் மூன்று நகரங்களும் போட்டி போட்டுக்கொண்டு அவர்களைக் கூலிக்கு எடுக்கின்றன. மொத்தம் 8,000 வில்லாளிகள், கூலி பொற்காசு. இரண்டாம் பாகத்தில் வெண்கோட்டை கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறது. முளியர் திரண்டு வந்து நகரத்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

நம்பும்படி இருக்கிறதா? இவ்வளவு ஆபத்தானவர்களை நகரங்கள் ஏன் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கின்றன என்பது மட்டும் எனக்கே உறுத்துகிறது.

முள்வேலி:

முதலில் ஆள் கணக்கைப் பார்ப்போம். 8,000 வில்லாளிகளை அந்தக் காடு தாங்காது.

வறண்ட நிலத்தில் வேட்டையையும் சேகரிப்பையும் மட்டுமே நம்பி வாழ்பவர்கள் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்று இருந்தாலே தாராளம். பல பாலை நிலங்களில் அதைவிடக் குறைவு. நாலு பேரில் ஒருவர் சண்டைக்கு ஏற்ற ஆண் என்று வைத்தால், 8,000 வில்லுக்கு 32,000 மக்கள் வேண்டும். அவர்கள் வாழ 3,20,000 சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உங்கள் 12 நாள் நடைக்கு நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் போட்டாலும் 300 கிலோமீட்டர்தான் வருகிறது. அகலம் 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தமே 6,000 பேர், அதில் 1,500 ஆண்கள். அத்தனை பேரும் நகரத்துக்குக் கிளம்பிவிட்டால் வீட்டுக்குக் கறி கொண்டுவருவது யார்? 300, 400 பேர் வருவார்கள் என்று வையுங்கள். அவர்களும் ஒரே இடத்தில் கூடி இருப்பவர்கள் அல்ல. 25, 30 பேர் கொண்ட சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடப்பவர்கள். அத்தனை கூட்டத்துக்கும் சேதி சொல்லி அனுப்பவே வாரக்கணக்கில் ஆகும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தென்மேற்கு புளோரிடாவின் கலூசா மக்கள் பயிர்த்தொழில் இல்லாமல் மீனை வைத்தே அரசனும் படையும் கொண்ட நாடு நடத்தினார்கள், ஆனால் அவர்கள் ஊரில் நிலைத்தவர்கள். வட அமெரிக்கச் சமவெளியில் கொமாஞ்சிகள் காட்டெருமை வேட்டையில் பெருகியது குதிரை கிடைத்த பிறகு. நீங்கள் இரண்டு வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

மதகடி:

சரி, 400 என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் 20,000 பேர் உள்ள நகரத்துக்கு 400 வில்லால் என்ன ஆகிவிடும்? கதையே படுத்துவிடாதா?

தேன்மெழுகு:

படுக்காது. உங்கள் நகரங்கள் சண்டை போடுவது தண்ணீருக்காக. அப்படியென்றால் போர்க்களம் என்பது மதகுகளும் வாய்க்கால் கரைகளும்தான். நகரத்துப் படையில் பாதிப் பேர் உழவர்கள், விதைப்புக்கு வீடு திரும்ப வேண்டியவர்கள். இரவில் சத்தமில்லாமல் வந்து, மதகுக் காவலர் நாலு பேரை அடித்துப்போட்டு, விடிவதற்குள் காட்டுக்குள் மறைந்துவிடத் தெரிந்த 40 பேர் போதும். அடுத்த நாள் அந்த மதகுக்குக் காவல் போக எவனும் முன்வர மாட்டான்.

நாவலுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் பிடிபட்டு வாழ்ந்தவர். அவர் எழுதியது 1681இல் அச்சானது. அதில் காட்டு வேடர்களைப் பற்றி ஓர் இடம் வருகிறது. அவர்களுக்கு இரும்பு அம்பு வேண்டுமென்றால், இரவில் இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்கள். தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும் பக்கத்தில் தொங்கவிட்டுப் போவார்கள். கொல்லன் அதே அளவில் அடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் இன்னும் இறைச்சி வரும். அடித்துக் கொடுக்காவிட்டால், என்றைக்காவது ஓர் இரவு அவனுக்கு இருட்டிலிருந்து அம்பு வரும். இரு தரப்பும் முகம் பார்ப்பதே இல்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒருமுறை ஒல்லாந்தருக்கு எதிராக அவசரப் படையெடுப்பு. அந்தப் பகுதி அதிகாரி வேடர்களையும் கூட்டிப் போனார். மற்றவர்களுக்குச் சளைக்காமல் வில்லால் நன்றாகவே வேலை செய்தார்கள். திரும்பி வந்ததும் முன்பு இருந்ததைவிட உள்காட்டுக்குப் போய்விட்டார்கள், பிறகு கண்ணிலேயே படவில்லை. மறுபடியும் படைக்குப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்கிறார் நாக்ஸ்.

இதை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். முளியரிடம் நகரம் ஒரு பருவத்தைத்தான் வாங்க முடியும், அடுத்த பருவத்தை வாங்க முடியாது. ஒரு தடவை கசந்துவிட்டால் அவர்கள் மதிலை முற்றுகையிட வர மாட்டார்கள், காணாமல் போவார்கள். நகரத்துக்கு அதுதான் பெரிய அடி.

உப்புமூட்டை:

அண்ணே, அது கூலிப்படை இல்லையே. அரசன் ஆள் கூப்பிட்டான், போனார்கள், பிடிக்காமல் ஓடினார்கள். கட்டாய ஊழியம் வேறு, கூலிக்கு வருவது வேறு. மதகடி கேட்பது இரண்டாவது.

அதற்கு மெக்சிகோ பள்ளத்தாக்கை விட்டால் நல்ல உதாரணம் கிடையாது. ஏரியைச் சுற்றி நகர அரசுகள், ஒன்றுக்கொன்று ஆகாது. வடக்கிலிருந்து வந்து சேர்ந்த மெக்சிக்காக்களை, பின்னாளில் நாம் ஆஸ்டெக் என்று சொல்பவர்களை, எல்லாரும் விரட்டினார்கள். சுமார் 1300இல் குல்வாகான் நகரம் அவர்களுக்குத் திசாபான் என்ற இடத்தை ஒதுக்கியது. எங்கே பார்த்தாலும் பாம்பு. பாம்பே தீர்த்துக்கட்டிவிடும் என்று நினைத்தார்களாம். இவர்கள் பாம்பைச் சுட்டுத் தின்றுவிட்டு நன்றாகவே இருந்தார்கள். அப்புறம் குல்வாகான் சோச்சிமில்கோவோடு சண்டைக்குப் போனபோது இவர்களைக் கூப்பிட்டது. எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று காட்ட, வெட்டிய காதுகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று அவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது. கூப்பிட்டவர்களுக்கே வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பிறகு அங்கிருந்தும் விரட்டப்பட்டு ஏரித் தீவில் ஊர் கட்டினார்கள். அஸ்கபொட்சால்கோ என்ற பெரிய நகரத்துக்குத் திறை கட்டிக்கொண்டு, அதன் போர்களில் அடியாளாகவும் இருந்தார்கள். அந்த நகரத்தின் கிழ அரசர் டெசோசோமோக் 1426இல் செத்தார். இரண்டே ஆண்டில், 1428இல், இவர்கள் டெக்ஸ்கோகோ, த்லாகோபான் என்ற நகரங்களோடு சேர்ந்து அந்த முதலாளி நகரத்தையே கவிழ்த்தார்கள். ஆஸ்டெக் பேரரசு என்று நாம் சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே முளியர் வெண்கோட்டையைப் பிடிக்கட்டும். தாராளமாக நடக்கும்.

முள்வேலி:

> ஆகவே முளியர் வெண்கோட்டையைப் பிடிக்கட்டும்

நடக்கும், 130 ஆண்டு எடுத்துக்கொண்டால். அதற்குள் அவர்கள் முளியராக இருக்க மாட்டார்கள். மெக்சிக்காக்கள் வரும் வழியிலேயே மக்காச்சோளம் விதைத்தவர்கள். வேட்டைக்காரர் என்ற பட்டத்தைப் பெருமைக்காகச் சுமந்தவர்கள். 1428இல் கவிழ்த்தது ஏரித்தோட்டமும் கோயிலும் அரச வம்சமும் உள்ள ஒரு நகரம். அரச வம்சம்கூட குல்வாகானில் கொண்ட பெண்வழி உறவை வைத்து அமைந்ததுதான். கூலியாக நிலத்தைக் கொடுத்தால் வேட்டைக்காரன் இரண்டு தலைமுறையில் உழவனாகிவிடுவான், அவனுடைய பேரன் உங்கள் நகரத்துக்குப் போட்டியாக நிற்பான். நல்ல கதைதான். ஆனால் மதகடி எழுத நினைக்கும் கதை அது இல்லை.

அகழி:

நகரங்கள் ஏன் விட்டுவைத்திருக்கின்றன என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் என்றொரு ஊர், உழுது ஓரிடத்தில் நிலைத்த புவெப்லோ மக்களுடையது. 1540, 41இல் கொரொனாடோ என்ற ஸ்பானியத் தளபதியின் படையோடு போனவர்கள் அதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். நாலு மாடி வீடுகள், ஏணியை மேலே இழுத்துவிட்டால் உள்ளே ஏற வழியில்லை, 500 போர்வீரர்கள். கிழக்கே சமவெளியில் தேயா என்ற காட்டெருமை வேட்டைக்காரர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பெருங்கூட்டமாக வந்து சுற்றியிருந்த ஊர்களை அழித்திருக்கிறார்கள், பெக்கோசை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. அப்புறம் சமாதானமாகிவிட்டார்கள். ஸ்பானியர் வந்த காலத்தில் அதே தேயாக்கள் குளிர்காலம் முழுக்க அந்த ஊர்களின் சுவரோரம் வந்து தங்கினார்கள். தோலையும் இறைச்சியையும் கொடுத்து மக்காச்சோளம் வாங்கிக்கொண்டார்கள்.

கவனியுங்கள், சுவரோரம்தான். பகலில் உள்ளே வரலாம், வியாபாரம் செய்யலாம், இரவில் உள்ளே தங்க அனுமதி இல்லை. இரவெல்லாம் ஊருக்குள் காவல், கொம்பு ஊதி ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் நகரத்துக்காரனுக்குக் கறி வேண்டும், தோல் வேண்டும், மெழுகு வேண்டும். காட்டுக்காரனுக்குச் சோளம் வேண்டும், இரும்பு வேண்டும். அழிப்பதற்குக் காட்டுக்குள் படை அனுப்பினால் தண்ணீர் எங்கே என்று காட்டவே முளியர்தான் வர வேண்டும்! அதனால் இரண்டு பேரும் மனதுக்குள் கறுவிக்கொண்டே பக்கத்தில் இருப்பார்கள். வாசல் சாத்தும் நேரத்தை வைத்து ஓர் அத்தியாயம் எழுதுங்கள்: யார் வெளியே, யார் உள்ளே, உள்ளே ஒளிந்துகொண்டவன் யார். ஒன்று மட்டும், மதில் ஏறி நகரத்தைப் பிடிக்கும் காட்சியைத் தூக்கிவிடுங்கள். வெளியூர்களை எரிப்பார்கள், அறுவடையை அழிப்பார்கள், முற்றுகைக்கு நிற்க மாட்டார்கள். நாளைக்குச் சாப்பாடு தேடப் போக வேண்டியவன் மதிலுக்கு வெளியே மூன்று மாதம் எப்படி உட்கார்ந்திருப்பான்?

மணல்கடிகாரம்:

எகிப்திலிருந்து ஒன்று. மெட்ஜாய் என்ற பாலைவன மக்கள் எகிப்தியப் படையில் வில்லாளிகளாகவும் காவலராகவும் இருந்தவர்கள். மாடு மேய்ப்பவர்கள், சுத்த வேட்டைக்காரர் இல்லை, ஆனாலும் விஷயம் பொருந்தும். சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் தெற்கே நூபியா எல்லையில் செம்னா முதலிய கோட்டைகளிலிருந்து எழுதிய அலுவலகக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் சில மெட்ஜாய்கள் பாலைவனத்திலிருந்து இறங்கி வந்து, அரண்மனைக்கு ஊழியம் செய்ய வந்தோம் என்கிறார்கள். உங்கள் நாட்டு நிலவரம் என்ன என்று அதிகாரி கேட்கிறார். எங்கள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, பாலைவனம் பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அன்றைக்கே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கடிதத்தில் மணலில் கண்ட காலடித் தடம்: 32 ஆள், 3 கழுதை.

மதகடி, உங்கள் கதையில் அறுவடை முடிந்ததும் முளியர் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள். அவர்கள் என்ன அரசு அலுவலர்களா? மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மான் இருக்கும், கிழங்கு இருக்கும், எவனும் வர மாட்டான். மழை பொய்த்தால் எல்லாரும் வருவார்கள், ஆனால் அந்த ஆண்டு நகரத்திலும் நெல் இருக்காது. நகரத்துக்கு ஆள் வேண்டிய ஆண்டும் ஆள் வருகிற ஆண்டும் சேராது.

கோடங்கி:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். பொற்காசை வாங்கி அவன் என்ன செய்வான்? மான் கழுத்தில் கட்டிவிடுவானா?

தேன்மெழுகு:

கோடங்கி சொல்வதுதான் சரி. நாடோடிக்கு எல்லாச் சொத்தும் முதுகில். ஒரு மாதத்தில் இடம் மாறுகிறவன் தூக்க முடியாததை வாங்க மாட்டான். இரும்பு அம்புமுனை, கத்தி, உப்பு, துணி, புகையிலை மாதிரி ஏதாவது, அப்புறம் வந்த இடத்திலேயே வயிறு நிறையச் சோறு.

மெக்சிகோவின் வடக்கே சிச்சிமேக்கர்கள், நிஜமாகவே நாடோடி வேட்டை வில்லாளிகள், சக்காத்தேக்காஸ் சுரங்கத்து வெள்ளி போகும் சாலைகளில் ஸ்பானியரை 1550 முதல் சுமார் 40 ஆண்டு திணறடித்தார்கள். ஸ்பானியர் கோட்டை கட்டிப் பார்த்தார்கள், பிடித்து அடிமையாக விற்றுப் பார்த்தார்கள், அதனால் சண்டை கூடியதுதான் மிச்சம். கடைசியில் மக்காச்சோளமும் துணியும் கருவிகளும் கொடுத்துத்தான் அடங்கியது. அதோடு 1591இல் ஏற்கெனவே உழவராக நிலைத்த த்லாஸ்காலா மக்களில் 400 குடும்பங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் குடியேற்றினார்கள். உங்கள் வெண்கோட்டைக் கணக்குப்பிள்ளை ஒருவன் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் காட்டி, சபையில் திட்டு வாங்கலாம்.

மதகடி:

பொற்காசு போயிற்று, முற்றுகையும் போயிற்று. மிச்சம் இருப்பதை வைத்து எழுதிப் பார்க்கிறேன். முளியர் தலைவன் ஒருவன் வெண்கோட்டைச் சபையில் வந்து ஒப்பந்தம் பேசுகிற காட்சி இருக்கிறது, அதையாவது விட்டுவைப்பீர்களா?

முள்வேலி:

எந்தத் தலைவன்?

கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன். இந்த மாதிரி சிறு கூட்டங்களில் மற்றவர்களுக்காக வாக்குக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் ஜுவான்சி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த காலத்தில், பெரிய மிருகத்தை அடித்து வந்தவனை எல்லாரும் சேர்ந்து நக்கல் செய்வார்கள். இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா எங்களைக் கூப்பிட்டாய் என்பது மாதிரி. தலைக்கனம் ஏறாமல் இருக்கத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் 400 பேர் சார்பில் கைநாட்டு வைத்தால், அவன் வைத்தது அவனுக்கு மட்டும்தான். நகரம்தான் ஒருவனைப் பிடித்துப் பட்டுத் துணி போர்த்தித் தலைவன் என்று கூப்பிடும். திரும்பிப் போனால் அவன் கூட்டத்தில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அந்த ஆளை எழுதுங்கள். கதையின் நல்ல பாத்திரம் அவன்தான்.

இன்னொன்று. மூன்று நகரமும் முளியரை எடுத்தால், களத்தில் எதிரெதிரே நிற்பது மாமனும் மச்சானும். மொத்தம் 6,000 பேர்தானே, எல்லாரும் எல்லாருக்கும் உறவு. இரண்டு பக்கமும் அம்பை உயரத் தூக்கி விடுவார்கள். நகரத்துக்காரன் மதில் மேல் நின்று, ஆகா என்ன போர் என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

உப்புமூட்டை:

இது பிரமாதம். ஒருவரும் சாகாத போருக்கு மூன்று நகரமும் வருடா வருடம் படி அளக்கின்றன.

அகழி:

ஜுவான்சி பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவர்களிடம் அடித்த மிருகத்தின் இறைச்சியைப் பங்கு போடும் உரிமை எய்தவனுக்கு இருந்ததில்லை, முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவருக்கு. அம்பை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள், அதனால் வேட்டைக்கே போகாத கிழவர்கூடப் பங்கு போடுகிறவராக இருக்கலாம்.

இதை முளியர் வழக்கமாக்கி, போருக்குக் கொண்டுபோங்கள். வெண்கோட்டை கொடுத்த அம்பால் ஒரு முளியன் மும்மதகுக்காரனைக் கொன்றால், அந்தச் சாவு யாருடையது?

மதகடி:

வெண்கோட்டையுடையது. எய்தவன் கை சுத்தம். பழிக்குப் பழி என்று மும்மதகு வந்து நின்றால், அம்பின் சொந்தக்காரனிடம் போய்க் கேள் என்பான். இதற்காகவே கூலியை அம்பாக வாங்குவார்கள்! அருமை.

நகரத்துக்குப் பிறகுதான் புரிய வேண்டும், சாட்சி மேடையில். வெண்கோட்டை அம்புமுனையில் முத்திரை அடித்திருந்தால் தப்பவே முடியாது.

தேன்மெழுகு:

முத்திரை போட்ட முனையை முளியர் வாங்கவே மாட்டார்கள். சண்டை முடிந்து காட்டுக்குப் போய் அதே அம்பால் ஒரு மானை அடித்தால், அந்த மானும் வெண்கோட்டைக்குச் சொந்தமாகிவிடும். பங்கு போட நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும்.

மதகடி:

அப்படியென்றால் வெண்கோட்டை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆயுதக் கிடங்கில் திருட்டுப் போகிறது என்று எவனோ ஒரு கிடங்கு அதிகாரி அந்த ஆண்டு முதல் எல்லா முனையிலும் முத்திரை அடிக்கச் சொல்கிறான். கூலியைச் சரியாக எண்ணிக் கொடுக்கிறார்கள். முளியர் ஒரு முனையை எடுத்துப் பார்த்துவிட்டு, குவியலை அப்படியே வாசலில் விட்டுப் போகிறார்கள். ஏன் போனார்கள் என்று சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுத்த பருவம் மதகுக்குக் காவல் போட ஆள் இல்லை, உப்பங்கரை தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறது.

கோடங்கி:

பட்டுத்துணித் தலைவனுக்கு விளங்கியிருக்கும். அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மணல்கடிகாரம்:

அந்தக் காட்சியை மழைக்கு முன்னால் வையுங்கள். நரம்பு நாண் ஈரமானால் தொய்ந்துவிடும், மழையில் வில்லாளி கூலி பேச வர மாட்டான்.